புதுக் குழல் வாங்கும் முன் ஒரு பைத்தகரஸ் கணக்கு

என் அக்காள் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கை, துப்பாக்கி சுடுதல். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: “மாமா, எங்க ஸ்கூல் ரைபிளெல்லாம் ரொம்பப் பழசு. புதுசு வந்தா என் புள்ளி கூடும்தானே?” அணியில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து பணம் திரட்டி, பள்ளிக்குப் புது ரைபிள்கள் வாங்கித் தரலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பல ஆயிரம் வெள்ளி விவகாரம். அக்காள் அந்தப் பேச்சில் அரை மனத்தோடு இருக்கிறாள்.

கூடும் என்று சொல்லிவிட்டு நானும் சோற்றைப் பிசைந்திருக்கலாம். ஆனால் இதே கேள்வியை மிகப் பெரிய அளவில், மிக அதிகப் பணம் செலவழித்துக் கேட்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தவறான வரிசையில் பணம் செலவழிக்கிறார்கள் என்பது என் கருத்து. ஏன் தவறு என்பதை உயர்நிலை இரண்டின் கணிதமே காட்டிவிடும். அதனால் பள்ளியின் 10 மீட்டர் கூடத்தை விட்டுக் கொஞ்சம் தூரம் போய்விட்டுத் திரும்பி வருவோம்.

பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கை நோக்கிச் சுடும் விளையாட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிஸ்லியில் 1890 முதல் இதற்கென்றே பெரிய மைதானம் இருக்கிறது. இந்த விளையாட்டின் ஒரு பிரிவுக்கு எஃப்-கிளாஸ் என்று பெயர். கண்பார்வை மங்கிய பிறகும் சுட விரும்பிய ஜார்ஜ் ஃபார்குஹார்சன் என்ற கனடாக்காரர், தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துச் சுட அனுமதிக்கும்படி ஏற்படுத்திய பிரிவு அது. அவர் பெயரின் முதல் எழுத்துதான் எஃப். படுத்தபடி, முன்பக்கம் தாங்கியில் ரைபிளை வைத்துச் சுடுவார்கள். எஃப்-டிஆர் என்ற உட்பிரிவில் ரைபிளின் மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் என்ற இரண்டே வகைத் தோட்டாக்கள்தான் அனுமதி.

(சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே நாம் வாங்கப்போவது ரைபிள் அல்ல, ஒரு கணக்கு மட்டும்.)

அந்த நாடுகளில் ஒருவர் முதல் ரைபிளாக ஒரு சாதாரண .308 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் சுடுவார். பிறகு மனம் அரிக்க ஆரம்பிக்கும். விசையை மாற்றினால் என்ன? மரக்கட்டையை எடுத்துவிட்டு அலுமினியச் சட்டகம் போட்டால்? தடிமனான போட்டிக் குழல்? இன்னும் பெரிய தொலைநோக்கி? ஒவ்வொன்றும் பல நூறு டாலர். குழல்தான் எல்லாருடைய கனவு. பளபளவென்று கண்ணுக்குத் தெரிவதும் அதுதானே.

அந்த 914 மீட்டரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். .308 குண்டு குழலை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 790 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. இலக்கை அடைய சுமார் 1.7 வினாடி. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 11 மீட்டர் கீழே இழுத்துவிடும். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்! அதனால் குழலை அந்த அளவுக்கு மேல்நோக்கிச் சாய்த்துத்தான் சுட வேண்டும். அமெரிக்க எஃப்-கிளாஸ் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர். கணிப்பானில் தட்டிப் பாருங்கள்: 914 மீட்டரில் 25 சென்டிமீட்டர் என்பது ஒரு பாகையை 60 பங்காக்கி அதில் ஒரு பங்கைவிடச் சிறிய கோணம்.

இனி காற்று. .308 குண்டை, மணிக்கு வெறும் 1 மைல், அதாவது 1.6 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று 1,000 கெஜத்தில் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் தள்ளிவிடும். நடுவில் பட வேண்டிய குண்டு 9 புள்ளி வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடும். அந்தக் காற்று எவ்வளவு மெல்லியது தெரியுமா? வானிலையாளர்களின் பியூஃபோர்ட் அளவுகோலில் மணிக்கு 1 முதல் 5 கிலோமீட்டர் வரை முதல் படி. புகை சாயும், ஆனால் காற்றுத் திசைகாட்டி திரும்பாது. அந்தப் படியிலும் இது அடிமட்டம். முகத்தில் படுவதே தெரியாது.

இதில் ஓர் அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. குண்டு 1.7 வினாடி பறக்கிறது, காற்று வினாடிக்கு 0.45 மீட்டர், ஆகவே 0.45-ஐ 1.7-ஆல் பெருக்கு, 76 சென்டிமீட்டர் என்றுதான் நம்மில் பலர் போடுவோம். தவறு. குண்டு காற்றில் மிதந்து போகும் சருகு அல்ல. உண்மையான விலகலைத் தருவது குண்டின் தாமதம். காற்றே இல்லாத வெற்றிடத்தில் வேகம் குறையாமல் பறந்திருந்தால் 914 மீட்டருக்கு 1.15 வினாடி போதும். உண்மையில் 1.7 ஆகிறது. வித்தியாசம் 0.55 வினாடி. அதை 0.45-ஆல் பெருக்கினால் கிடைப்பது 25 சென்டிமீட்டர். இதற்கு டிடியான் சூத்திரம் என்று பெயர். வேகம் குறையாத குண்டு ஒன்று இருந்தால், எந்தக் குறுக்குக் காற்றும் அதை நகர்த்தாது! சுழன்று நிலைபெற்ற குண்டு தன்னைச் சந்திக்கும் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. அதைப் பின்னால் இழுக்கும் தடைவிசையும் அதே சாய்வில் இழுக்கிறது. அந்தச் சாய்ந்த இழுப்புதான் விலகல்.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்காள் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். குண்டு நடுவிலிருந்து பக்கவாட்டில் விலகுவதற்குப் பல காரணங்கள். இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று ரைபிளும் தோட்டாவும் சேர்ந்து செய்யும் சிதறல். காற்றே இல்லாத நாளில், அசையாத மேடையில் வைத்துச் சுட்டாலும் வருவது. புதிதாக வாங்கிய நல்ல ரைபிளில் அது 1,000 கெஜத்தில் 8 சென்டிமீட்டர் என்று வைப்போம். சிதறல் என்று நான் சொல்வது உங்கள் கணிதப் பாடத்தில் வரும் திட்ட விலக்கம். மற்றொன்று காற்றைத் தவறாகக் கணிப்பதால் வருவது. பழகாதவர் மணிக்கு ஒரு மைல் அளவுக்குத் தவறுவார் என்றால் அது 25 சென்டிமீட்டர்.

இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? 33 அல்ல. ஒன்று இடப்பக்கம் தள்ளும்போது மற்றது வலப்பக்கம் தள்ளலாம். ஒன்றையொன்று சாராத பிழைகள் நேராகக் கூடாது, செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலக் கூடும். 8-இன் வர்க்கம் 64, 25-இன் வர்க்கம் 625, கூட்டினால் 689, வர்க்கமூலம் 26.2. மொத்தச் சிதறல் 26.2 சென்டிமீட்டர். பைத்தகரஸ் இங்கும் வந்துவிட்டார்.

இந்த நண்பர் பணம் சேர்த்து அருமையான போட்டிக் குழல் வாங்குகிறார். ரைபிளின் சிதறல் பாதியாகிறது, 8 போய் 4. மொத்தம்? 16-ம் 625-ம் 641, வர்க்கமூலம் 25.3. இத்தனை செலவுக்குக் கிடைத்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

குழலை மாற்றாமல், ஒரு வருடம் கொடிகளையும் கானலையும் பார்த்துப் பழகுகிறார் என்று வைப்போம். கானல் என்றால் வெயிலில் தார்ச்சாலையின் மேல் நெளியுமே, அதுதான். சூடான காற்றின் ஒளிவிலகல் எண் மாறுவதால் வரும் நெளிவு. தொலைநோக்கியில் அந்த நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்தே மெல்லிய காற்றைக் கணிப்பார்கள் அனுபவசாலிகள். நம் நண்பரின் காற்றுப் பிழை 25-இலிருந்து 15-ஆகக் குறைகிறது. 64-ம் 225-ம் 289. வர்க்கமூலம் சரியாக 17. பழைய குழலோடு, மொத்தச் சிதறலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது.

முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை விட்டுவிட்டுக் குட்டைப் பக்கத்தைச் செதுக்குவதில் பயனில்லை என்பதுதான் விஷயம். அப்படியானால் சாம்பியன்கள் ஏன் விலை உயர்ந்த குழல்களை வாங்குகிறார்கள்? அவர்கள் முட்டாள்கள் அல்லர். காற்றுப் பிழையை 6 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்ட ஒருவருக்கு அதே கணக்கைப் போடுங்கள். 6, 8 என்றால் மொத்தம் 10. குழலை மாற்றி 8-ஐ 4 ஆக்கினால் மொத்தம் 7.2. கால் பங்குக்கு மேல் லாபம். அவருடைய முக்கோணத்தில் நீண்ட பக்கம் ரைபிள்தான், ஆகவே அவர் அதை வாங்குவது சரி. அவர் வாங்கியதைப் பார்த்து நாம் வாங்குவதுதான் தவறு. விளம்பரங்கள் காட்டுவது எப்போதும் அவருடைய முக்கோணத்தை.

பொருள் எதையும் வாங்காதே என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நீண்ட பக்கத்தைத் தொடும் பொருள் என்றால் வாங்கலாம். 2007இல் அறிமுகமான 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் குண்டு மெலிந்து நீண்டது, காற்றைக் கிழித்துக்கொண்டு போவது. அதன் தாமதம் 0.55 வினாடிக்குப் பதில் ஏறத்தாழ 0.40. அதே ஒரு மைல் தவறு இப்போது 25-க்குப் பதில் 18 சென்டிமீட்டர்தான் தள்ளும். எஃப்-டிஆர் பிரிவில் இதற்கு இடமில்லை. ஆனால் .308-லேயே மூக்கு கூர்ந்த, வால் குறுகிய குண்டைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு இதே பலன் கிடைக்கும். டிடியான் சூத்திரம் தெரிந்தவர் குண்டின் வடிவத்தைப் பார்ப்பார். தெரியாதவர் குழலின் பளபளப்பைப் பார்ப்பார்.

இன்னும் மலிவான ஒன்று உண்டு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்! தொலைநோக்கியின் மேல் பொருத்தும் சின்னக் குமிழி மட்டம். ரைபிளை ஒரு பாகை அளவு பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் என்ன ஆகும்? 11 மீட்டர் மேல்நோக்கிக் கொடுத்த திருத்தம் செங்குத்தாக இல்லாமல் ஒரு பாகை சாய்ந்துவிடும். 11-ஐ சைன் 1 பாகையால் பெருக்குங்கள்: 19 சென்டிமீட்டர். கண்ணால் பார்த்தால் ஒரு பாகைச் சாய்வு தெரியவே தெரியாது. இரண்டு மடங்கு விலைக் குழல் திருத்துவது 4 சென்டிமீட்டர். ஒரு குமிழி திருத்துவது 19. கடைக்காரர் எதை முதலில் காட்டுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே கீழே விலகுவதற்கு முக்கியக் காரணம் வேகம். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 1,000 கெஜத்தில் சுமார் கால் மீட்டர் ஏறி இறங்கும். 100 மீட்டரில் சுட்டுப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். என்னைக் கேட்டால், முதல் ரைபிளுக்கு வாங்கும் முதல் மேம்பாடு ரைபிளில் பொருத்துவதாகவே இருக்கக்கூடாது. அளக்கும் கருவியாக இருக்க வேண்டும்.

அளப்பதிலும் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. பிறரை ஏமாற்றுவதைவிட நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. துப்பாக்கிக்காரர்கள் பலர் பணப்பையில் ஒரு காகிதத் துண்டு வைத்திருப்பார்கள். மூன்று துளைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். “பாருங்க, என் ரைபிள் எப்படிச் சுடுது!” புது விசை போட்டதும் மூன்று குண்டுகள் சுட்டுப் பார்ப்பார்கள். துளைகள் நெருங்கியிருந்தால் விசை நல்லது. இல்லாவிட்டால், அந்த முறை கை நடுங்கிவிட்டது என்று மீண்டும் மூன்று.

இதன் கோளாறை ரைபிள் இல்லாமலே நீங்கள் வீட்டில் பார்க்கலாம். எக்செல் போன்ற விரிதாளில், மணி வடிவப் பரவலின்படி எதேச்சை எண்களை உருவாக்கி, பக்கவாட்டுக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று என்று புள்ளிகள் போடுங்கள். திட்ட விலக்கம் 10 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் சராசரி சுமார் 24 மில்லிமீட்டர் வரும். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் சுமார் 31. பத்துப் பத்தாகப் பிரித்தால் சுமார் 38. அதே கற்பனை ரைபிள், எதுவும் மாறவில்லை! எண்ணிக்கை கூடினால் விரிவும் கூடுகிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், மூன்று துளைக் கூட்டங்கள் தமக்குள் எவ்வளவு மாறுகின்றன என்பது. 15 மில்லிமீட்டரும் வரும், 33-ம் வரும், எல்லாம் தற்செயல். 33 வந்த மறுநாள் விசையை மாற்றி 15 கிடைத்தவர், விசைதான் காரணம் என்று வாழ்நாள் முழுக்கச் சத்தியம் செய்வார்.

ஆகவே மூன்று குண்டு அத்தாட்சியோடு வரும் எந்த மேம்பாட்டையும் நான் நம்புவதில்லை. முன்பு முப்பது, பின்பு முப்பது, இடையில் ஒரே ஒரு மாற்றம். அதற்குக் குறைந்து பேசுபவரிடம் காது கொடுக்கலாம், பணம் கொடுக்க வேண்டாம்.

இதை முதலில் ஒழுங்காகச் செய்தவர்களில் ஒருவரை உங்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கலாம். ஜோசஃப் விட்வொர்த், மான்செஸ்டர் பொறியாளர். 1841இல் திருகாணிகளின் மரை எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று முதல் தரவரையறையைத் தந்தவர். ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக் காட்டும் அளவுக் கருவி செய்தவர். 1850களில் பிரிட்டிஷ் அரசு ராணுவ ரைபிள்களைப் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டது. அவர் முதலில் ரைபிளைத் தொடவில்லை. தன் வீட்டு நிலத்தில் 500 கெஜ நீளத்துக்குக் கூரையும் சுவரும் உள்ள ஒரு சுடுகூடத்தைக் கட்டினார். காற்று என்ற பிழையை வெளியே நிறுத்திவிட்டு, ரைபிளின் பிழையைத் தனியாகப் பார்க்க. வழி நெடுகிலும் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, குண்டு எங்கெங்கே துளைத்துப் போகிறது என்று பார்த்தார். அதன் பிறகுதான் அறுகோணத் துளை கொண்ட அவருடைய புகழ்பெற்ற ரைபிள் பிறந்தது. 1857இல் நடந்த சோதனைகளில் அது ராணுவத்தின் என்ஃபீல்டு ரைபிளைத் துல்லியத்தில் தோற்கடித்தது.

1860இல் விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசி, தாங்கியில் அசையாமல் பொருத்திய ஒரு விட்வொர்த் ரைபிளின் விசையை ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார். 400 கெஜத்தில் குண்டு மையத்துக்கு மிக அருகே பட்டது. அரசிக்குக் குறிபார்க்கும் திறமை இருந்ததா இல்லையா என்பதே அங்கே கேள்வி இல்லை. மனிதக் கையை முற்றிலும் விலக்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

இங்கே நம் பள்ளி ஆய்வுக்கூடங்களைப் பற்றி ஒரு முறையீடு. செய்முறைக் குறிப்பேட்டின் கடைசியில், பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பில் எல்லாரும் எழுதும் மந்திரம் ஒன்று உண்டு: இடமாறு தோற்றப் பிழை, மனிதப் பிழை, காற்றோட்டம். எது பெரியது, எது சிறியது என்று யாரும் எழுதுவதில்லை. ஆசிரியர்களும் கேட்பதில்லை. அளவு இல்லாத பிழைப் பட்டியல் வெறும் அலங்காரம். ஊசலின் அலைவு நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கும்போது உங்கள் விரலின் தாமதம் 0.2 வினாடி என்றால், அளவுகோலை இன்னொரு மில்லிமீட்டர் கவனமாகப் பார்ப்பதில் என்ன லாபம்? இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்து விரலின் பிழையைப் பங்கிட்டுக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். அதுவும் நீண்ட பக்கத்தைச் செதுக்குவதுதான்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. நல்ல கருவி கையில் இருந்தால் நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்தால் நன்றாகச் சுடுவோம் என்பார்கள். ஓரளவு உண்மை. தவறிய குண்டுக்கு ரைபிளைக் குறை சொல்ல முடியாது என்ற நிலை வந்தால் மனம் தன்னைத் தானே பார்க்கத் தொடங்கும். ஆனால் அந்த நம்பிக்கையைப் பணம் கொடுத்துத்தான் பெற வேண்டுமா? ரைபிளைப் பிடிப்பானில் இறுக்கிச் சுட்டு, அதன் சிதறல் இவ்வளவுதான் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாலும் அதே நம்பிக்கை வரும். உண்மையிலேயே தேய்ந்துபோன குழல் என்றால் அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும். அப்போது தயங்காமல் மாற்றலாம்.

சரி, 10 மீட்டர் கூடத்துக்குத் திரும்புவோம். மார்ட்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூருக்கு இரண்டு தங்கம் வாங்கித் தந்தாரே, அதில் ஒன்று இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். இலக்கின் 10 புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். கட்டடத்துக்குள் சுடுவதால் காற்று இல்லை, புவியீர்ப்பும் பெரிய விஷயம் இல்லை. அப்படியானால் இந்த முக்கோணத்தின் நீண்ட பக்கம் எது?

கணினி இலக்குகள் ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டது என்பதைப் பதிவு செய்துவிடும். அக்காள் மகளின் கடைசிப் பத்துப் பயிற்சிகளின் பதிவை வாங்கி வரச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் 60 வீதம் 600 குண்டுகள். அவளே விரிதாளில் ஏற்றினாள். சிதறல் 3.0 மில்லிமீட்டர். பயிற்றுநர் அதே பழைய ரைபிளைப் பிடிப்பானில் இறுக்கி முப்பது குண்டுகள் சுட்டுக் காட்டினார். சிதறல் 0.5 மில்லிமீட்டர்.

பிழையே இல்லாத கனவு ரைபிள் ஒன்றை அவள் கையில் கொடுத்தால்? 9-இலிருந்து 0.25-ஐக் கழித்தால் 8.75. வர்க்கமூலம் 2.96. மூன்று மில்லிமீட்டர் 2.96 ஆகும். இந்த இலக்கில் கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி. கணக்குப் போட்டால் 60 குண்டுகளுக்கும் சேர்த்து ஒரு புள்ளிக்குச் சற்று மேல்தான் கூடும். கனவு ரைபிளுக்கே இவ்வளவுதான்.

பிறகு அவள் தானாகவே ஒன்று செய்தாள், நான் சொல்லவில்லை. 60 குண்டுகளை இருபது இருபதாகப் பிரித்தாள். முதல் இருபதில் சிதறல் 2.5. நடு இருபதில் 2.9. கடைசி இருபதில் 3.5. மூன்று தூண்கள் படிக்கட்டு மாதிரி ஏறி நின்றன. கடைசி வரை முதல் இருபதைப் போலவே சுட்டிருந்தால் ஏறக்குறைய 14 புள்ளி கூடியிருக்கும்.

“டயர்டா ஆயிடுறேன் மாமா,” என்றாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். இடுப்புக்கு மேலே, இடப்பக்கம். ரைபிளின் எடையை முதுகும் இடுப்பும் தாங்குவதற்காகத்தான் சுடுபவர்கள் விறைப்பான ஜாக்கெட் போடுகிறார்கள். அது உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். உன் ஜாக்கெட் யாருடையது என்று கேட்டேன். பள்ளியை விட்டுப் போன ஒரு சீனியர் கொடுத்தது. அவளுக்கு இரண்டு அளவு பெரியது. பொத்தான்களைப் போட்ட பிறகும் உள்ளே ஒரு கை நுழையும்.

ஜாக்கெட்தான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. நிற்கும் முறையாக இருக்கலாம், பயிற்சிக்கு முன் அவள் சாப்பிடாமல் போவதாகவும் இருக்கலாம். அதனால் அணியில் அவள் அளவுள்ள இன்னொரு மாணவியின் ஜாக்கெட்டை இரவல் வாங்கி, வேறு எதையும் மாற்றாமல் 300 குண்டுகள் சுட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் 120 பாக்கி. பெற்றோர் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. அந்த மூன்று தூண்கள் உள்ள தாளை அக்காள் கைப்பையில் வைத்திருக்கிறாள். நேற்று தொலைபேசியில் கூப்பிட்டு, ரைபிளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு ஜாக்கெட் என்ன விலை இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.